பெட்டி ஆடும், பை தூங்கும்

என் அக்காளைக் கட்டியவர் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். தொடுவதும் உள்ளங்கையால் அல்ல, புறங்கையால்தான். உள்ளங்கை உழைத்துக் காய்த்துப் போனது, அது பொய் சொல்லும், புறங்கை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே காப்பி டம்ளரைப் புறங்கையால் மேலும் கீழும் தடவினார். பிறகு சபை நடுவில், "ஆறிப்போன காப்பி மேல சுடுகாப்பிய ஊத்திக் கொண்டாந்திருக்காங்க. மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளைக்கு நாக்கு கையில இருக்குப்பா" என்று சொல்லி அன்றைக்கே தட்டை மாற்றிவிட்டார்.

மச்சானுக்கு ஊர் கட்டுமாவடிப் பக்கம். கடலில் இறங்கப் பயந்துதான் பட்டாளத்துக்கு ஓடினீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். உண்மையில் அவர் போனது சண்டைக் காலத்து ஆளெடுப்பில். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், எங்கள் சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. அவர் மட்டும் பீரங்கியை விட்டு வரவில்லை.

பீரங்கி என்றால் நமக்குக் குண்டுதான் நினைவுக்கு வரும். அவர் குண்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. பெரிய பீரங்கியில் குண்டு தனி, மருந்து தனியாம். குண்டை முதலில் குழாய்க்குள் தள்ளிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் மருந்து அடைத்த துணிப்பையை வைப்பார்களாம். அந்தப் பை எரிகிற வேகத்தில்தான் குண்டு போகும். மச்சானின் வேலை அந்தப் பைகளைப் பார்த்துக்கொள்வது. வெயில் படக்கூடாது, பனி படக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது, குலுங்கக்கூடாது. பெட்டிக்குள் தர்மாமீட்டரைச் செருகி, மருந்து எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று கணக்குப் போடும் ஆபீசருக்குச் சத்தம் போட்டுச் சொல்வார். அதற்குத் தக்கபடி பீரங்கியின் மூக்கை ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

"குண்டு என்னய்யா குண்டு. அது பொணம். தூக்கிப் போட்ட எடத்துல விழும். உசுரு பையிலல்ல இருக்கு" என்பார்.

இதற்கு ஒரு கழுதைக் கதையும் வைத்திருந்தார். ஏதோ ஒரு மலையில், பனிக்காலத்தில், பாதிப் பெட்டிகள் வெயிலில் கிடந்தன, பாதி பாறை நிழலில் கிடந்தன. அவர் சாப்பிடப் போன நேரத்தில் எவனோ இரண்டையும் கலந்துவிட்டான். ஒரே பீரங்கி, ஒரே குறி. வெயிலில் கிடந்த பை தள்ளிய குண்டு எதிரியைத் தாண்டிப் போய்விட்டது. நிழலில் விறைத்துக் கிடந்த பை தள்ளிய குண்டு எட்டாமல் நம் ஆட்கள் பக்கமே விழுந்தது. மனிதர்கள் தப்பித்தார்கள், ஒரு கோவேறு கழுதை செத்தது. முதல் தடவை சொன்னபோது அது வெறும் கழுதை. அடுத்த வருஷம் அது முழுப் படைக்கும் தண்ணீர் சுமந்த கழுதையாயிற்று. அதற்கடுத்த தீபாவளிக்குள் சல்யூட் அடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள் சிரிப்போம். ஆனால் கதை முடியும்போது ஒவ்வொரு தடவையும் அவர் கண் நிஜமாகவே கலங்கும்.

பென்ஷனோடு அவர் திரும்பி வந்தபோது கட்டுமாவடியில் பங்காளிகள் வீட்டைப் பாகம் பிரித்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்பா தான் சாவதற்குமுன் எங்கள் ஊரிலேயே, திருமயத்துக்கு மேற்கே, ஒரு மனைக்கட்டைக் கொடுத்து இருத்திவிட்டார். அவ்வளவுதான், ஊருக்கு மெல்ல ஒரு வெற்றிலை கிடைத்தது. வீட்டோட மாப்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். தர்மாமீட்டர் என்றும் சொன்னார்கள். அதற்கு அவர் சந்தோஷப்பட்டார். முந்தியதற்கு மட்டும் முகம் கறுக்கும்.

அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ஏர் பிடிக்கத் தெரியாது, சைக்கிளில் ஏறினால் வேலிக்குள்தான் இறங்குவார், ஆனால் ஊரில் எவர் அடுப்பையும் குறை சொல்வார். மீமிசலிலிருந்து பஸ்ஸில் வரும் மீன்கூடையை நிறுத்தி, ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் அனுப்புவார். மீன்காரி திட்டுகிற திட்டு கண்மாய்க்கரை வரை கேட்கும். அக்காளிடம் கேட்டால், "என்னையவே தொட்டுப் பாத்துட்டுத்தான் பேசுறாரு. நான் கோவமா இருக்கேனா இல்லையான்னு சூடு சொல்லுமாம்" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வழியும்.

நான் தையற்காரன். ஒருநாள் கடையில் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் பிடரியில் பின்னாலிருந்து புறங்கையை வைத்தார்.

"மச்சினரே, மிஷின மூடுங்க."

"தீபாவளிச் சட்டை மலையாக் கெடக்கு மச்சான். வெளயாடாதீங்க."

"மூடுங்கங்கிறேன்."

அவரே மிஷினுக்கு மூடி போட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். பொழுது சாய்வதற்குள் எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அது விஷக்காய்ச்சல். அது இறங்குகிற வரை ஈரத்துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அதன்பிறகு அவரை யார் கிண்டல் செய்தாலும் எனக்குப் பொறுக்காது. நான் செய்வது வேறு.

இனி வாண விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் வாணக்கார வீடு என்று பெயர். வாணம் கட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அம்மன் தேரன்று முதல் வாணத்துக்குத் தீ வைக்கிற உரிமைதான் எங்களுடையது. மண்ணில் புதைத்த இரும்புக் குழாயிலிருந்து மூன்று வாணங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கோபுரத்துக்கு மேலே போய் வெடித்துப் பூக்க வேண்டும். அதன்பிறகுதான் மேலவீதி முக்கில் நிற்கும் தேர் நிலைக்கு நகரும். நகர்ந்ததும் எங்கள் வீட்டுக்கு அம்மன் பரிவட்டம் கட்டுவார்கள். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து நடந்து வருகிற மரியாதை இது.

அப்பா இருந்தவரை ஒரு குறையும் இல்லை. நான் தீ வைக்க ஆரம்பித்த முதல் வருஷம் வாணம் பனை உயரம்கூடப் போகாமல் வெடித்து, அக்கரை ஊர்க்காரர்களின் தண்ணீர்ப்பந்தல் கூரை எரிந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. கோயில் இரண்டு ஊருக்கும் பொது. மறுவருஷம் முதல் வாணம் எங்கேயோ உயரத்தில் போயிற்று, இரண்டாவது சாய்ந்து கண்மாய்க்குள் போயிற்று, மூன்றாவது குழாய்க்குள்ளேயே புஸ்ஸென்று போயிற்று. அக்கரை ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊர்க்கூட்டத்தில் ஊர்த்தலைவரான அம்பலகாரர் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"இந்தா பாரப்பா. இந்த வருசமும் மூணும் கோபுரத்தத் தாண்டலைன்னா, முதல் வாணம் அக்கரை ஊருக்குப் போயிரும். ஒங்கப்பன் மொகத்துக்காகத்தான் இந்தத் தவணை."

நான் தலை குனிந்து நின்றேன். உரிமை போனால் திரும்பாது. வாணக்கார வீடு என்ற பெயரும் போய், தையக்கார வீடு என்று ஆகிவிடும். அப்பா விட்டுப்போனதை இரண்டே வருஷத்தில் நான் தொலைத்தேன் என்றால் ஊரில் எப்படி நடமாடுவது?

வீட்டுக்கு வரும் வழியில் மச்சான் வாயைத் திறந்தார். "மருந்து மேல குத்தம் இல்ல மச்சினரே. தீ வச்ச ஒங்க மேலயும் குத்தம் இல்ல. ஆட்டத்து மேலதான் குத்தம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வழக்கம் அப்படி. வாணங்களை ஒரு மரப்பெட்டியில் வைத்து, மாலை சுற்றி, தேரன்று காலையிலிருந்து சாமிக்கு முன்னால் தலையில் தூக்கி ஆடுவோம். பெட்டி எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு அம்மன் குளிர்வாள் என்று நம்பிக்கை. அப்பா காலத்தில் கிழவர்கள் நாலு எட்டு வைத்துவிட்டு இறக்கிவிடுவார்கள். என் காலத்தில் இளவட்டங்கள் போட்டி போட்டு ஆட ஆரம்பித்தார்கள். கொட்டுச் சத்தத்துக்குப் பெட்டி தலைமேல் எகிறும். உச்சி வெயில் வரை நிற்காது.

"மருந்து பொரி மாதிரி கட்டி கட்டியா இருக்கணும். நீங்க ஆடுற ஆட்டத்துல அது மாவாப் போயிருது. நொய்யும் மாவும் ஒண்ணாவா வேகும்? பெட்டியில மேல இருக்கறது வெயில்ல வறுபடுது, அடியில இருக்கறது அப்பிடியே கெடக்கு. மூணு வாணத்துக்கும் மூணு சூடு. அதான் ஒண்ணு வானத்துக்கு, ஒண்ணு கண்மாய்க்கு, ஒண்ணு ஒங்க மானத்துக்கு."

"அதுக்காக ஆட்டத்த நிறுத்தச் சொல்றீங்களா? ஊரு நம்ம ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டு ஆடிரும்."

"யாரு நிறுத்தச் சொன்னா? பெட்டி ஆடட்டும். பை தூங்கட்டும்."

அவர் யோசனை பீரங்கி யோசனை. வெளியூர்க்காரர் வாணத்தையும் அதைத் தள்ளும் மருந்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது வழக்கம். இந்த வருஷம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவோம் என்றார். வாண உருண்டைகள் பெட்டியில் போய் ஆசைதீர ஆடட்டும். தள்ளும் மருந்தைப் பையில் அடைத்து வீட்டில் வைத்துக்கொள்வோம். குழாய்க்குள் இரண்டையும் சேர்ப்போம்.

பை தைக்கிற வேலை எனக்கு வந்தது. நான் மல்துணி எடுத்தேன். அவர் பிடுங்கி எறிந்தார். பட்டுதான் வேண்டும் என்றார். காரணம் எனக்கே தெரியும், நான் தையற்காரன் அல்லவா. பருத்தி எரிந்தால் ஓரத்தில் கங்கு நின்று கனியும். பட்டு கருகிப் பொடியாய் உதிர்ந்துவிடும். குழாயில் ஒரு கங்கு மிச்சமிருந்தால் அடுத்த பை வைக்கிறவன் கை இருக்காது. ஆனால் பட்டுக்கு எங்கே போவது? அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்த் தலைதீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"வெட்டு. வாணம் அங்கிட்டு இங்கிட்டுப் போயி ஊரு சிரிச்சதுன்னா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

கத்திரிக்கோலை வைக்க எனக்குக் கை வரவில்லை. அவளே முந்தானையைப் பிடித்து இழுத்து நீட்டினாள்.

அம்பலகாரருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை. நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். அம்பலகாரருக்கு மீசை துடித்தது.

"வாணத்துல பாதி ஊரு சுத்தும், பாதி வீட்டுல கெடக்குமா? எந்த ஊரு நாயமய்யா இது?"

"ஏங்க, மாப்பிள்ளை அழைப்புல மாப்பிள்ளை கொட்டு மேளத்தோட ஊரு சுத்துறாரு. பொண்ணு எங்கங்க இருக்கு? வீட்டுல நெழல்லதான இருக்கு? பொண்ணையும் வெயில்ல தூக்கிப் போட்டு ஆடுனா தாலி கட்டுறப்ப என்னாத்துக்கு ஆகும்? மணவறையில சேந்தாப் போதும்லங்க?"

அம்பலகாரர் முறைத்தார். பிறகு அவர் வீட்டு ஆச்சிதான் உள்ளேயிருந்து முதலில் சிரித்தார்கள். அதற்குமேல் அவராலும் அடக்க முடியவில்லை. "போய்யா, போய்ப் பொண்ண நல்லாப் பாத்துக்க" என்றார்.

பைகளை மச்சான் எங்கள் வீட்டு நெல் குதிருக்குள், உமிக்கு நடுவில், ஒரு மண்பானையில் வைத்தார். தேருக்கு முந்தின நாளே வைத்துவிட்டார். மேல்துணி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், நடு மருந்து மெதுவாகத்தான் மாறும், மூன்றுக்கும் உள்ளும் புறமும் ஒரே சூடு வரவேண்டுமென்றால் அவசரப்படக்கூடாது என்றார். குதிருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டவிடவில்லை. தேர் நாள் அன்று வந்த விருந்தாளிகளெல்லாம் பழைய சோறு தின்றார்கள். அக்கா வாசலில் உலக்கையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே பெட்டி ஆடிய ஆட்டத்தில் ஒருவன் மயங்கியே விழுந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேர் மேலவீதி முக்குக்கு வந்து நின்றது. மச்சான் பானையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பொட்டலுக்கு வந்தார். ஒவ்வொரு பையையும் புறங்கையால் தொட்டுத் தலையாட்டினார். அப்புறம் குழாயைத் தொட்டார். முகம் மாறியது. காலையிலேயே மண்ணில் நட்டுவைத்த குழாய், பகல் முழுக்க வெயில் குடித்திருந்தது.

"காய்ச்சல் அடிக்குது. இதுல பைய எறக்கக்கூடாது. ஈரச்சாக்கு கொண்டாங்க."

சாக்கைச் சுற்றிவிட்டு, குழாய் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் தீப்பந்தத்தோடு நான் நிற்கிறேன். தேர்வடம் பிடித்தவர்கள் கத்துகிறார்கள். அக்கரை ஊர்க்காரர்கள் தங்கள் வாணத்தைத் தயாராகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "வாணம் விடுறீங்களா, கொழாய்க்கு வைத்தியம் பாக்குறீங்களா?" என்கிறார்கள். அம்பலகாரர் ஓடிவந்தார்.

"தேரு நிக்கிது மாப்ளே! சூட்டோட சூடா விட்டுத் தொலைங்க!"

"சூட்டோட சூடா விட்டதுதாங்க போன வருசம் கண்மாய்க்குள்ள போச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு குடம் தண்ணீர் கேட்டார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாட்டன், பூட்டன் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்பது போலிருந்தது. அக்கரை ஊர்ப் பெரியவர் தம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம் ஆட்களுக்குக் கண் காட்டினார். அவர்கள் தங்கள் வாணப்பெட்டியைத் தூக்கினார்கள்.

மச்சான் சாக்கை உருவினார். குழாயின் உள்ளே ஈரத்துணி சுற்றிய கழியை விட்டுத் துடைத்தார், உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தார். புறங்கையைக் குழாயில் வைத்தார். அதே கையைப் பையில் வைத்தார். பையை மெதுவாக இறக்கினார், அதன் தலைமேல் வாணத்தை இறக்கினார், திரியை நீட்டிவிட்டார்.

"இப்ப வைங்க மச்சினரே."

வைத்தேன். பூமி ஒரு உதை உதைத்தது. ஊர் மொத்தமும் அண்ணாந்தது. வாணம் நூல் பிடித்த மாதிரி நேரே ஏறிற்று. பனையைத் தாண்டிற்று, கோபுரத்தைத் தாண்டிற்று, கலசத்துக்கு மேல் இன்னொரு கோபுர உயரம் போய் வெடித்துப் பூத்தது. அந்த வெளிச்சத்தில் தேரும் கண்மாயும் ஆயிரம் முகங்களும் ஒருசேரத் தெரிந்தன. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

அவர் ஆகாயத்தைப் பார்க்கவே இல்லை. குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி ஈரச்சாக்கு, மறுபடி காத்திருப்பு. இந்தத் தடவை யாரும் சத்தம் போடவில்லை. இரண்டாவது போயிற்று, முதலாவது பூத்த அதே இடத்தில் பூத்தது. மூன்றாவதும் அங்கேயே பூத்தபோது, அக்கரை ஊர்ப் பெரியவர் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தலைக்குமேல் சுழற்றினார். "அடிச்சானய்யா பட்டாளத்தான்!" என்றார். வடம் இழுபட்டது, தேர் நகர்ந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாக் குலவைக்கும் மேலே அக்காளின் குலவை கேட்டது.

பூசாரி பரிவட்டத்தோடு வந்து, "வாணக்கார வீடு!" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. மச்சானின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

அம்பலகாரர் குறுக்கே வந்தார். "ஏப்பா, மரியாதை வீட்டுக்குத்தான் உண்டு. பொண்ணெடுத்தவருக்குக் கட்டுற வழக்கம் இல்ல."

"வீட்டோட மாப்பிள்ளை, வீட்டோட மாப்பிள்ளைன்னு இத்தனை வருசமா ஊரே சொல்லுச்சுல்லங்க. வீட்டோட இருக்கறவருக்கு வீட்டு மரியாதை இல்லையா?" என்றேன்.

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் கொட்டுக்காரர்கள் தாமாகவே அடிக்க ஆரம்பித்தார்கள். அம்பலகாரர் பூசாரி கையிலிருந்து பரிவட்டத்தை வாங்கித் தானே மச்சானின் தலையில் கட்டினார். தன் புகழைத் தானே பாடி அலுக்காத அந்த மனிதருக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கன்னமெல்லாம் கரி, கரிமேல் கண்ணீர். என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது.

எங்கள் ஊரில் ஒருமுறை நடந்தால் அது வழக்கம். அன்றிலிருந்து வாணக்கார வீட்டில் தீ வைப்பது மகன், பரிவட்டம் மருமகனுக்கு என்று ஆகிவிட்டது. மச்சான் இருந்தவரை அவர் கட்டிக்கொண்டார். இப்போது என் மகளைக் கட்டியவருக்குக் கட்டுகிறார்கள். பாவம், அவருக்கு ஊசிப்பட்டாசு என்றாலே பயம், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தலையை நீட்டுவார். இருந்தாலும் மூன்றும் கோபுரத்தைத் தாண்டுகின்றன. அக்கரை ஊர்க்காரர்கள் தங்கள் வாணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இன்னமும் காத்திருக்கிறார்கள்.